‘போறேன்’னு சொன்னா ஏன் முகம் மாறுது? மதுரையில் தமிழ் கற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பழக்கவழக்கங்கள்

விருந்துக்குப் போன வீட்டில் கிளம்பும்போது "நான் போறேன்" என்று சொன்னால் இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால், மதுரைப் பக்கம் எந்த வீட்டிலும் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள்: "போறேன்னு சொல்லாதப்பா, போயிட்டு வர்றேன்னு சொல்லு."

தமிழை முதன்முதலாகக் கற்க வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். சொல் தெரியும், வேற்றுமை உருபு தெரியும், காலம் காட்டும் இடைநிலைகூட தெரியும். எந்த இடத்தில், யாரிடம், எதைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்காது. மதுரையில் தமிழ் பேசிப் பழகுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கங்கள் என்னென்ன, கற்றுக்கொள்ளவே கூடாத வழக்கங்கள் எவை என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

மதுரையில் யார் தமிழ் கற்கிறார்கள்?

இரண்டு வகையினர் இருக்கிறார்கள். முதல் வகையினர் வெளிநாட்டு மாணவர்களும் ஆய்வாளர்களும். 1961-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியவியல் நிறுவனம், இந்திய மொழிகளை அந்தந்த மொழி பேசும் ஊரிலேயே வைத்துக் கற்றுக்கொடுக்கிறது. வங்காளத்துக்கு கொல்கத்தா, மலையாளத்துக்கு திருவனந்தபுரம் என்பதுபோல, தமிழுக்கு அது தேர்ந்தெடுத்த ஊர் மதுரை.

இரண்டாவது வகையினர் ஓட்டல், கட்டட வேலை, லாட்ஜ் என்று பிழைப்புக்காக வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். இவர்களுக்கு வகுப்பறை கிடையாது. காளவாசல் மாதிரியான ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி சாலையும் பைபாஸ் ரோடும் சந்திக்கும் இடம். பக்கத்திலேயே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். டீக்கடை, பரோட்டா கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சுதான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

வகுப்பில் படிப்பவருக்குத் தப்பைத் திருத்த ஆசிரியர் உண்டு. கடையில் கற்பவருக்கு, நாம் அவரிடம் பேசுவது மட்டும்தான் பாடம். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

புத்தகத் தமிழ் பேசினால் என்ன ஆகும்?

"நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?" என்று ஆட்டோ டிரைவரிடம் கேட்டால் அவருக்குப் புரியும். கூடவே சிரிப்பும் வரும். எழுதுவதற்கு ஒரு தமிழ், பேசுவதற்கு ஒரு தமிழ் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால், வெளியிலிருந்து வருபவருக்கு இது கிட்டத்தட்ட இரண்டு மொழி கற்பதற்குச் சமம்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் வீரமாமுனிவர். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கிதான் அவர். செந்தமிழுக்குத் தனியாகவும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்குத் தனியாகவும் லத்தீனில் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. நம் காலத்தில் அமெரிக்க அறிஞர் ஹெரால்டு ஷிஃப்மேன் பேச்சுத் தமிழுக்கென்றே எழுதிய இலக்கண நூலை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1999-ல் வெளியிட்டது.

மதுரைப் பேச்சுக்கு என்று தனிச் சொற்களும் உண்டு. வழி கேட்டால் "அங்கிட்டுப் போங்க", "இங்கிட்டுத் திரும்புங்க" என்பார்கள். "எங்கிட்டு?" என்றால் எந்தப் பக்கம் என்று அர்த்தம். "வையாதீங்க" என்றால் திட்டாதீங்க. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் "வெஞ்சனம்". அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பதைவிட டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இவை எல்லாம் காதில் விழுந்துவிடும்.

‘நீ’யா, ‘நீங்க’ளா?

கற்பவர்களுக்கு விழும் முதல் அடி இங்கேதான். வயதில் பெரியவர், முன்பின் தெரியாதவர், கடைக்கு வந்தவர், அதிகாரி எல்லோருக்கும் ‘நீங்க’. நெருங்கிய நண்பர், தன்னைவிடச் சின்னவர் என்றால் ‘நீ’. சாமியையும் ‘நீ’ என்றே கூப்பிடுவார்கள். பல வீடுகளில் அம்மாவை ‘நீ’ என்பார்கள், அப்பாவை ‘நீங்க’ என்பார்கள்.

ஆளைப் பற்றிப் பேசும்போதும் இதே கணக்குதான். ‘வந்தான்’, ‘வந்தாரு’, ‘வந்தாங்க’ மூன்றுக்கும் மரியாதை அளவு வேறு வேறு. பேசப்படுகிறவர் எதிரில் இல்லாவிட்டாலும் மரியாதை குறையக் கூடாது.

மதுரையில் இதற்கு மேலே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ‘வந்தாங்க’ வேறு, ‘வந்தாய்ங்க’ வேறு. "பயலுக நாலு பேரு வந்தாய்ங்க" என்று சொல்லலாம். அது சமவயதுக்காரர்களையோ சின்னப் பையன்களையோ கூட்டமாகக் குறிப்பது. கேட்பதற்கு ஜாலியாக இருக்கிறதே என்று, "உங்க அப்பா அம்மா வந்தாய்ங்களா?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டால் வம்புதான். சினிமா பார்த்து மதுரைத் தமிழ் பழகுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

‘நாம’ – ‘நாங்க’: ஒரு எழுத்தில் ஆள் வெளியே

ஆங்கிலத்திலும் இந்தியிலும் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் இரண்டும் வேறு. "நாம சாப்பிடப் போறோம்" என்றால் கேட்பவரையும் சேர்த்து. "நாங்க சாப்பிடப் போறோம்" என்றால் கேட்பவரை விட்டுவிட்டு.

வீட்டுக்காரர் முன்னால் நின்று, "நாங்க சாப்பிடலாமா?" என்று ஒருவர் கேட்டால், ‘உனக்கு இல்லை’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் நெருக்கம் காட்ட நினைக்கும் இடத்தில் எல்லாம் ‘நம்ம’ வரும். "நம்ம வீடுதான், கூச்சப்படாம உட்காருங்க", "நம்ம ஊரு சாப்பாடு எப்படி இருக்கு?" என்பார்கள். வந்தவரையும் அந்த ஊர்க்காரராக்கிவிடும் சொல் இது.

இன்னொன்று: ‘என் அம்மா’, ‘என் வீடு’ என்று பேச்சில் அதிகம் சொல்வதில்லை. ஒரே பிள்ளையாக இருந்தாலும் ‘எங்க அம்மா’தான், ‘எங்க வீடு’தான்.

பெயர் சொல்லிக் கூப்பிடலாமா?

பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. அதற்கு உறவுச் சொல் இருக்கிறது. பஸ் கண்டக்டர் ‘அண்ணே’, பூ விற்கிறவர் ‘அக்கா’ அல்லது ‘அம்மா’, வயதானவர் ‘ஐயா’, ‘பெரியவரே’. சொந்தமே இல்லாதவருக்கும் இதுதான் முறை.

ஆனால், எல்லா உறவுச் சொல்லையும் எல்லோரிடமும் பயன்படுத்த முடியாது. காரணம், தமிழ் உறவுமுறையில் இரண்டு பக்கம் இருக்கிறது. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகள் எல்லாம் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை முறை. தாய்மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் மச்சான், கொழுந்தியா முறை. அதாவது, கல்யாணம் செய்துகொள்ளக்கூடிய முறை. அங்கே கேலி கிண்டலுக்கு அனுமதி உண்டு.

அதனால், ஆண்கள் ‘மாப்ள’, ‘மச்சான்’, ‘பங்காளி’ என்று நண்பர்களுக்குள் பேசிக்கொள்வதைப் பார்த்து, நண்பரின் தங்கையிடம் ஒரு மாணவர் மச்சினி முறை வைத்துப் பேசினால் அர்த்தமே மாறிவிடும். முன்பின் தெரியாத பெண்ணிடம் ‘அக்கா’, ‘அம்மா’, ‘தங்கச்சி’ இந்த மூன்றும் பாதுகாப்பான சொற்கள். ஒருவரை ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டால் அவரது கணவர் ‘மாமா’ ஆகிவிடுவார். ஒரு சொல்லை எடுத்தால் மொத்தக் குடும்பமும் முறையோடு வந்து நிற்கும்.

வாசலில் என்ன பேச வேண்டும்?

வந்தவரை "வாங்க" என்று சொல்ல வேண்டும். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் சொல்ல வேண்டும். "நான் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை" என்பது பல குடும்பங்களில் வருடக்கணக்கில் நீடிக்கும் மனஸ்தாபத்துக்குக் காரணம். இந்த மரியாதையைச் சாமிக்கும் செய்கிறது மதுரை. சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து இறங்கி வரும் கள்ளழகரை, அவர் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல் மூன்றுமாவடிக்கே போய் எதிர்கொண்டு அழைப்பதற்குப் பெயரே ‘எதிர்சேவை’.

செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உள்ளே வந்ததும் தண்ணீர் தருவார்கள். தாகம் இல்லாவிட்டாலும் வாங்கி ஒரு வாய் குடிப்பது மரியாதை.

வெளியே கிளம்புகிறவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், "என்ன, தூரமா?" என்று கேட்பார்கள். "பக்கத்துலதான்" என்று பதில் வரும். எங்கே என்பது அப்போதும் தெரியாது. அவ்வளவுதான் அந்தக் கேள்வி.

கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" அல்லது வெறும் "வர்றேன்". பதில்: "போயிட்டு வாங்க". ‘போறேன்’ என்றால் திரும்பி வர மாட்டேன் என்று அர்த்தமாகிவிடும். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறுவது இதனால்தான்.

‘சாப்டீங்களா?’ – கேள்வியா, வணக்கமா?

இரண்டும்தான். மத்தியானம் வழியில் பார்க்கும்போது கேட்டால் அது வணக்கம். "சாப்டேன், நீங்க?" என்று கேட்டுவிட்டு நகரலாம். வீட்டு வாசலில் நின்று கேட்டால் அது அழைப்பு. உடனே "சரி" என்று உட்காருவது வழக்கமில்லை. "இருக்கட்டும், இப்பத்தான் சாப்ட்டேன்" என்று முதல் முறை மறுப்பார்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அழைத்தால் உட்காருவார்கள். அழைப்பவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். முதல் மறுப்பை உண்மை என்று நம்பி விட்டுவிடுகிறவரை விருந்தோம்பத் தெரியாதவர் என்றே நினைப்பார்கள்.

இலையில் உட்கார்ந்த பிறகு ‘போதும்’ என்ற சொல்லுக்கு வேகம் கம்மி. இலைக்கு மேலே கையை நீட்டி மறைத்தால்தான் கரண்டி நிற்கும். சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கம் பார்த்து மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பதைத் துக்க வீட்டு வழக்கமாகவே பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்வார்கள்.

சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கையில். காசை இடது கையில் நீட்டினால் சில கடைக்காரர்கள் வாங்கவே மாட்டார்கள். கால் யார் மீதாவது, புத்தகத்தின் மீதாவது பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ‘சாரி’ சொல்வதைவிட அந்தச் செய்கை வேகமாகப் புரியும்.

வீட்டில் சொல்லக் கூடாத சொற்கள்

"அரிசி இல்லை" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வராது. "அரிசி வாங்கணும்" என்றுதான் வரும். சாமி விளக்கை ‘அணை’ என்று சொல்வதில்லை. ‘அமர்த்து’, ‘குளிரவை’ என்பார்கள். தானாக அணைந்துவிட்டால், ‘விளக்கு மலையேறிருச்சு’. இறந்தவரைப் பற்றிப் பேசும்போது ‘செத்துட்டார்’ என்பது மரியாதைக் குறைவு. ‘தவறிட்டார்’, ‘காலமாயிட்டார்’, ‘சாமிகிட்ட போயிட்டார்’ என்பார்கள்.

வெறும் பாட்டி காலத்து நம்பிக்கை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இதை இலக்கணமாகவே சொல்லிவிட்டது. கெட்ட செய்தியை நல்ல சொல்லால் சொல்வதற்கு ‘மங்கலம்’ என்று பெயர். ‘செத்தார்’ என்பதற்கு ‘துஞ்சினார்’, ‘சுடுகாடு’ என்பதற்கு ‘நன்காடு’ என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு தருகிறார்கள். நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் விஷயத்தை மறைத்துச் சொல்வது ‘இடக்கரடக்கல்’. "கால் கழுவிட்டு வர்றேன்" என்று இன்றைக்கும் கிராமத்தில் சொல்வது அதுதான்.

ஆக, பழக்கவழக்கம் என்பது மொழிக்கு வெளியே இருக்கும் துணைப்பாடம் இல்லை. தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது.

‘நன்றி’யை எத்தனை முறை சொல்லலாம்?

தண்ணீர் கொடுத்த அம்மாவுக்கு ‘நன்றி’, சோறு போட்ட அக்காவுக்கு ‘நன்றி’ என்று வரிசையாகச் சொன்னால், "என்னப்பா, வெளியாள் மாதிரி பேசுற?" என்று கேட்பார்கள். நெருக்கமான இடத்தில் ‘நன்றி’ தூரத்தைக் காட்டும் சொல். மேடைக்கும் அலுவலகத்துக்கும் அது சரி. கடையில் ‘தேங்க்ஸ்’ போதும். வீட்டில், "குழம்பு நல்லா இருந்துச்சுக்கா" என்பதுதான் நன்றி. அடுத்த முறை வரும்போது கையில் பூவோ பழமோ வாங்கி வருவது அதைவிடப் பெரிய நன்றி. வெறுங்கையோடு வரக் கூடாது என்பதும் இதில் அடக்கம்.

‘ப்ளீஸ்’ என்பதற்கும் தனிச் சொல் தேட வேண்டாம். "கொஞ்சம் நகருங்களேன்", "ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று கடைசியில் வரும் ‘ஏன்’ அந்த வேலையைச் செய்துவிடும்.

செய்முறை: பணத்தில் எழுதும் உறவு

கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று எந்த விசேஷமாக இருந்தாலும் மொய் உண்டு. மதுரைப் பக்கம் இதற்கு ‘செய்முறை’ என்று பெயர். யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் எழுதுவார்கள். அவர் வீட்டு விசேஷம் வரும்போது அந்த நோட்டைப் பார்த்து, குறையாமல், முடிந்தால் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார்கள். தொகை 100 ஆக இருக்காது, 101. 500 ஆக இருக்காது, 501. பூஜ்யத்தில் முடியக் கூடாது. அந்த ஒரு ரூபாய், உறவு இதோடு முடியவில்லை என்பதற்கு அடையாளம்.

பத்திரிகையும் தபாலில் வந்தால் மதிப்பில்லை. நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தர வேண்டும். மாணவர் ஒருவருக்கு அப்படிப் பத்திரிகை வந்தால், அந்தக் குடும்பம் அவரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம். போகாமல் இருக்கக் கூடாது.

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று நடக்கும் கல்யாண விருந்திலும் பக்தர்கள் மொய் எழுதுகிறார்கள். காளவாசலிலிருந்து தேனி சாலையில் போனால் வரும் உசிலம்பட்டி வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், பிரமலைக் கள்ளர் பற்றி 1957-ல் வெளியிட்ட நூலில் இந்தச் சீர் கொடுக்கல் வாங்கலை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மாமன் மச்சான் உறவு ஒரு கல்யாணத்தோடு முடிவதில்லை. சீர் வரிசையாகத் தலைமுறை தாண்டித் தொடரும்.

கேதத்துக்குப் போகும்போது…

துக்க வீட்டுக்குப் போவதை ‘கேதத்துக்குப் போறது’ என்பார்கள். மேலே சொன்ன விதிகள் எல்லாம் இங்கே தலைகீழ். யாரும் "வாங்க" என்று அழைக்க மாட்டார்கள். அழைப்பு இல்லாமலே போக வேண்டும். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லவே கூடாது. இப்படி ஒரு காரியத்துக்கு மறுபடி வருகிறேன் என்று ஆகிவிடும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம்.

விசேஷத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பார்கள். கேதத்துக்குப் போகாதவரை மறக்க மாட்டார்கள். "நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறவரு" என்பதுதான் ஒருவருக்கு இந்த ஊரில் கிடைக்கும் நல்ல பெயர். தமிழ் திக்கித் திணறிப் பேசினாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் போய் நின்றால் போதும்.

தமிழில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. மொழிக் குடும்ப உறவே இல்லாத துருக்கிய மொழியைப் பாருங்கள். அங்கேயும் ‘நீ’க்கு ‘சென்’, ‘நீங்க’ளுக்கு ‘சிஸ்’. தெரியாதவரையும் அண்ணன் என்ற பொருளில் ‘அபி’, அக்கா என்ற பொருளில் ‘அப்லா’ என்று கூப்பிடுவார்கள். வந்தவருக்கு ‘ஹோஷ் கெல்தினிஸ்’ என்று வரவேற்பு சொன்னால், வந்தவர் கட்டாயம் ‘ஹோஷ் புல்டுக்’ என்று பதில் சொல்ல வேண்டும்.

இலக்கணத்திலும் ஓர் ஆச்சரியம் உண்டு. நேரில் பார்த்ததை ‘வந்தான்’ என்றும், பிறர் சொல்லிக் கேட்டதை ‘வந்தானாம்’ என்றும் தமிழில் பிரித்துச் சொல்கிறோம். துருக்கிய மொழியில் அதே வேலையை ‘கெல்தி’, ‘கெல்மிஷ்’ என்ற இரண்டு வடிவங்கள் செய்கின்றன. கண்ணால் பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னால் இரண்டு ஊரிலும் நம்பிக்கை போய்விடும்.

சமைத்தவருக்கு ‘உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம்’ என்ற பொருளில் ஒரு வாழ்த்து, வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது ‘எளிதாக முடியட்டும்’ என்ற பொருளில் ஒரு வாழ்த்து என்று அங்கே ஒவ்வொரு நேரத்துக்கும் தயாராக ஒரு வாசகம் இருக்கிறது. பண்டிகை நாளில் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். கல்யாணத்தில் மணமக்கள் உடையில் தங்கக் காசும் ரூபாய் நோட்டு மாதிரி பணமும் குத்திவிடுவார்கள். கண்ணேறு படாமலிருக்க நம்ம ஊரில் பூசணிக்காய் என்றால் அங்கே நீலக் கண்ணாடி மணி. ஊருக்குக் கிளம்புகிறவரின் பின்னால் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் போலத் தடையில்லாமல் போய் வர வேண்டும் என்பது அதன் பொருள். அவர்களுடைய ‘போயிட்டு வாங்க’ அது.

கற்றுக்கொள்ளவே கூடாத வழக்கம் எது?

ஊர்ப் பேச்சை அப்படியே பழகுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இந்த மண்ணில் ‘நீ’, ‘நீங்க’ என்பதை வயது மட்டும் முடிவு செய்ததில்லை. சாதியும் முடிவு செய்தது. எழுபது வயது பெரியவரைப் பதினைந்து வயதுப் பையன் ‘வாடா, போடா’ என்று பேசிய வழக்கம் கிராமங்களில் இருந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. தீண்டாமையை அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு ஒழித்தது. பொது இடத்தில் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும், பேச்சில் அதன் மிச்சம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது.

"எந்த ஊரு?" என்பது சாதாரண விசாரிப்புதான். அதற்கு அடுத்து, "ஊர்ல எந்தப் பக்கம்?", "எந்தத் தெரு?", "அவரு நம்ம ஆளா?" என்று கேள்வி நீண்டால், கேட்பது முகவரியை இல்லை, சாதியை. கற்பவர்கள் இந்தக் கேள்விகளைப் புரிந்துகொள்ள வேண்டும். திருப்பிக் கேட்கப் பழகக் கூடாது.

இதற்கு மதுரையிலேயே 400 வருடப் பழைய உதாரணம் இருக்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி, ‘பரங்கி’ என்ற சொல்லை இங்குள்ளவர்கள் இழிவாகப் பார்ப்பதைக் கவனித்தார். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். காவி உடுத்தினார், சைவத்துக்கு மாறினார், தத்துவ போதகர் என்று அறியப்பட்டார். ஒரு வெளிநாட்டவர் மொழியோடு வழக்கத்தையும் கற்றதற்கு அவரைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. ஆனால், உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற பிரிவையும் அவர் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். அது திருச்சபைக்குள்ளேயே பெரிய சர்ச்சை ஆனது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, பூணூல் போன்ற சில வழக்கங்களுக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி அன்றிலிருந்தே இருக்கிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் எல்லோருக்கும் ‘நீங்க’. குப்பை அள்ளுகிறவருக்கும் ‘நீங்க’, கலெக்டருக்கும் ‘நீங்க’. கூடுதலாக மரியாதை கொடுத்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

நம்ம பங்கு என்ன?

இப்போது அந்தப் பரோட்டா கடைத் தம்பியிடம் வருவோம். காலையிலிருந்து ராத்திரி வரை அவர் காதில் விழுவது என்ன? "டேய், தண்ணி எடுத்துட்டு வா", "ஏய், இலை போடு", "சீக்கிரம் போ". அவருக்கு ‘நீங்க’ என்று யாரும் பேசுவதில்லை. அதனால் அவர் கற்ற தமிழில் ‘நீங்க’ இல்லை. நாளைக்கு அவரே ஒரு வாடிக்கையாளரிடம், "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. "மரியாதை தெரியலை" என்கிறோம்.

இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மரியாதை மூன்று படியாக இருக்கிறது. அவருக்கு மரியாதை தெரியாமல் இல்லை. அதற்கான தமிழ்ச் சொல்லை யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். "தம்பி, ஒரு டீ கொடுங்க" என்று நாலு பேர் கேட்டால் ஒரே வாரத்தில் அந்தச் சொல் அவர் வாயிலும் வந்துவிடும்.

சுருக்கமாக: முதல் மாதத்தில் நினைவில் வைக்க வேண்டியவை

• கிளம்பும்போது ‘போறேன்’ வேண்டாம், ‘போயிட்டு வர்றேன்’. துக்க வீட்டில் மட்டும் அதுவும் வேண்டாம்.

• சந்தேகம் வந்தால் ‘நீங்க’. ‘வந்தாய்ங்க’ நண்பர்களோடு மட்டும்.

• கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ‘நாம’, ‘நம்ம’.

• தெரியாத பெண்ணிடம் ‘அக்கா’, ‘அம்மா’, ‘தங்கச்சி’. ‘மச்சான்’, ‘மாப்ள’ எல்லாம் பழகிய பிறகு.

• கிளம்புகிறவரிடம் ‘எங்கே?’ என்று கேட்காதீர்கள், ‘தூரமா?’ என்று கேளுங்கள்.

• கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில்.

• மொய் எழுதினால் 101, 201, 501.

• ‘நம்ம ஆளா?’ என்ற கேள்வி புரிந்தால் போதும். கேட்க வேண்டாம்.